கொடிக்கயிறு இல்லாத சொகுசு வீடு

ஏல மருமவனே, வா, இப்படித் திண்ணையில உக்காரு. உன் வீட்டப் பாத்துட்டுத்தான் வாரேன். நல்லாத்தான் இருக்கு. மாமன் வாயால நல்லாருக்குன்னு வந்துட்டுல்லா, இதோட எந்திரிச்சுப் போனேன்னா உனக்கு நிம்மதி. மேக்கொண்டு கேட்டா வயிறு எரியும். கேக்கணுமா? சரி, கேளு. பொறவு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடாத.

குற்றாலத்துல விருந்தாளிக்கு வாடகைக்கு விட ஒரு வீடு கட்டிட்ட. தோப்புக்குள்ள இருக்கு, மேக்க நிமிந்து பாத்தா மல தெரியுது. எடத்துக்கு ஒரு கொறையும் சொல்ல முடியாது. உள்ள அலங்காரம் பண்ண மெட்ராஸ்ல இருந்து டிசைனர் புள்ள ஒண்ணக் கூட்டிட்டு வந்த. கெட்டிக்காரப் புள்ளதான். "அருவியில குளிச்சியாம்மா?"ன்னு கேட்டேன். "நேரமே கெடைக்கல தாத்தா"ன்னு சொல்லுச்சு. அங்கனயே எனக்கு வெளங்கிட்டு, இந்த வீட்டுல என்னல்லாம் இருக்கும், என்னல்லாம் இருக்காதுன்னு.

பட்டாசல்ல கால வச்சதும் செவுத்துல தண்ணி வழியுது. ஓடு ஒழுகுதோன்னு அண்ணாந்து பாத்தேன். ஒழுகல. கருங்கல்லு ஒட்டி, பொறத்தால மோட்டார் வச்சு, தண்ணிய மேல ஏத்திக் கீழ விடுதாவளாம். அலங்கார அருவி! ஏல, பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவின்னு ஆண்டவன் ஊரச் சுத்தி ஓசியில தொறந்து விட்டுருக்கான். அத விட்டுட்டுக் கரண்டுல ஓடுற அருவியப் பாக்க எவன்ல வருவான்? அதுவும் ராத்திரி பூராவும் சளசளன்னு சத்தம். வயசாளி ஒருத்தர் அங்கன படுத்தார்னா விடியுறதுக்குள்ள எத்தன தடவ ஒண்ணுக்குப் போவணும், யோசிச்சியா? குளிக்கிற ரூமுலயும் கூரையில ஒரு பெரிய தட்டு தொங்குது. மழையாட்டம் கொட்டுமாம். அருவியில அடி வாங்கித் தோளு செவந்து வந்தவன், மறுபடியும் மேல பாத்து நிக்கணுமாக்கும்? அவனுக்கு வேண்டியது ஒரு வாளி, ஒரு மக்கு, கொஞ்சம் வெந்நி. வாளியத்தான் காணும். அழகக் கெடுக்குதுன்னு பொறவாசல்ல தூக்கி வச்சுட்டாவளாம்.

வீட்டுக்கு யாரு வரப்போறான்னு உனக்குத் தெரியுமா? நான் சொல்லுதேன். ஆடி மாசம், சனிக்கிழம. தென்மேக்குக் காத்து ஆரியங்காவுக் கணவா வழியாத் தள்ளிக்கிட்டு வந்து செங்கோட்ட, தென்காசி முழுக்கச் சாரலா அடிச்சுக்கிட்டுக் கெடக்கு. ஆறு பேருன்னு சொல்லித்தான் ரூம் போட்டுருப்பாவ. வேன் கதவத் தொறந்தா பதினொரு பேரு எறங்குவாவ. மாமனாரு, மாமியாரு, கொழுந்தன், கொழுந்தன் பொண்டாட்டி, கூட்டாளி ஒருத்தன், அவன் பெத்தது ரெண்டு. இதுதான் நம்ம ஆளு. விளம்பரப் படத்துல வாற அந்த ஒத்தப் பொம்பள, வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டுச் சன்னலோரம் காப்பிக் கோப்பையோட மலையப் பாத்துக்கிட்டு இருப்பால்லா, அவ வரமாட்டா. வந்தாலும் ஒரு ராத்திரிதான் தங்குவா.

இந்தப் பதினொரு பேரும் என்ன செய்வாவ? காலையில ஒரு குளி, சாயங்காலம் ஒரு குளி. ஆசப்பட்டா ராத்திரியும் ஒண்ணு. ஒரு குளிக்கு ஒரு சாரம், ஒரு துண்டு, பொம்பளைகளுக்குச் சேல, பாவாட, நைட்டி, புள்ளைகளுக்கு டவுசரு. அம்புட்டும் சொட்டச் சொட்ட வரும். ஏல, அத எங்க போடுவான்? வீடு முழுக்கச் சுத்திட்டேன். கொடிக்கயிறு ஒண்ணு கூடக் கெடையாது. ஆணி கெடையாது. கதவுக்குப் பின்னால ஒரு கொக்கி கெடையாது. செவுத்துல கீறல் விழும்னு டிசைனர் புள்ள வேண்டாம்னுட்டாம்.

சரி, கொடி இல்லன்னா சனம் சும்மா இருக்குமா? மாடியில தொங்குதே பிரம்பு ஊஞ்சல், அதுல மாமியார் சேல காயும். ஆளுயர வெளக்கு நிக்குதே, அதுல மாமனார் கோமணம் காயும். படத்துச் சட்டத்துல, சோபா முதுகுல, டிவிக்கு மேல, காத்தாடி எறக்கையில, எல்லா எடத்துலயும் காயும். காயும்னு வாய் தவறிச் சொல்லிட்டேன், எங்க காயும்? வெயிலே இல்லாத ஊருல துணிக்கு வேண்டியது காத்தோட்டம். அத ரெண்டு பக்கமும் தொறந்த தார்சாவுலதான் குடுக்க முடியும். பொறத்தால ஓட்டுக்குக் கீழ, சாரல் தெறிக்காத தூரத்துல, கை எட்டுற உசரத்துல நாலு கொடி கெட்டு. கூடவே ஒரு காத்தாடி மாட்டு. கீழ தண்ணி சொட்டுற எடத்துல சிமிண்டுத் தரையில வாட்டம் வச்சு அங்கணத்துக்குத் திருப்பி விடு. ஒரு டப்பா நெறையக் கிளிப்பு வையி. இம்புட்டுத்தான். இதுக்கு மெட்ராஸ்ல இருந்து ஆளு வரணுமா? அத நீ செஞ்சேன்னு வையி, போறவன் ஊருக்குப் போயிச் சொல்லுவான்: "அங்கன தங்குங்க, துணி காயுது." குற்றாலத்துல இதுக்கு மேல ஒரு விளம்பரம் இருக்கா?

அடுத்தது எண்ணெ. அருவியில எண்ணெ, சோப்பு, சீயக்கா எதுவும் போடப்படாதுன்னு ஹைகோர்ட்டு மதுரக் கிளை தடை போட்டுட்டு. சரியான தீர்ப்புதான், தண்ணி கெட்டுப் போச்சுல்லா. ஆனா எண்ணெ தேச்சுக் குளிக்கணும்னு முந்நூறு மைல் வண்டியோட்டி வந்தவன் சும்மா போவானா? எங்க தேப்பான்? உன் வீட்டுலதாம்ல தேப்பான். நல்லெண்ணெயக் காய்ச்சி உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் பூசிக்கிட்டு, "ஊறட்டும்"னு சொல்லி நேரா எங்க போயி உக்காருவான்? நீ பட்டாசல்ல போட்டுருக்கியே, பாலு நெறத்துல ஒரு சோபா. அங்கன.

கட்டிலெல்லாம் வெள்ள விரிப்பு. ஏம்ல வெள்ளன்னு கேட்டா, பெரிய ஓட்டல்ல அப்படித்தான்கிற. பெரிய ஓட்டல்காரன் பின்னால சலவைக்குன்னு ஒரு மிசினே ஓடும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணி விட்டு, பிளீச்சிங் போட்டு அத்தனையையும் ஒண்ணா அலசிருவான். வெள்ளைக்குச் சாயம் போற பயம் இல்ல, அதனால அவன் வெள்ள போடுதான். உனக்கு அங்கன துவைக்க வாறது யாரு? ஒரு அக்கா. அந்த அக்காளுக்கு ஒரு கல்லு. நல்லெண்ணெக் கறையக் கல்லுல அடிச்சுப் போக்கச் சொன்னேன்னா ஆவணி பொறக்குமுன்ன அந்த அக்கா வேல வேண்டாம்னு போயிரும். சென்னிமலப் பக்கம் நெய்யுற கெட்டி விரிப்பு, நல்ல கட்டம் போட்டது, கருநீலம், காவி, அரக்குன்னு வாங்கு. சீசன்ல கட்டிலுக்கு நாலு செட்டு வேணும். ஒண்ணு கட்டில்ல, ஒண்ணு தண்ணியில, ஒண்ணு கொடியில, ஒண்ணு பெட்டியில. மூணே போதும்னு எவனாவது சொன்னா அவன் சாரல் பாக்காதவன்.

வெளியில வேப்பமரத்தடியில ஒரு கல்பெஞ்சு போடு. பக்கத்துல பழைய சாரத்துணி நாலு கிழிச்சு வையி. எண்ணெ தேக்கிறவன் அங்கன உக்காருவான், உன் சோபா தப்பிக்கும். "சோபாவில் எண்ணெயுடன் அமராதீர்"னு போர்டு எழுதி மாட்டினியே, ஏல, உக்கார வேற எடம் குடுக்காம உக்காராதன்னா என்ன நியாயம்? போர்டு எழுதுத காசுக்குக் கல்லே வந்துருக்கும்.

இப்பத் தரைக்கு வாரேன். ஆத்தங்குடிக் கல்லு பதிச்சிருக்க. அழகான கல்லு, அதுல எனக்கு மாத்துக் கருத்து கெடையாது. கண்ணாடி மேல சாயத்த ஊத்தி, மணலும் சிமிண்டும் போட்டு, சூளையில சுடாம தண்ணியில ஊற வச்சு ஒவ்வொண்ணாக் கையால செய்யுறாவ. கால் பட்டுப் பட்டு வருசத்துக்கு வருசம் பளபளப்பு ஏறும். அது செட்டிநாட்டு வீட்டுக்கு. அங்கன மழையே விருந்தாளி, எப்பவாவது எட்டிப் பாக்கும். இங்கன எண்ணெக் காலும் ஈரக் காலுமா நாள் முழுக்க நடமாட்டம். அந்தப் பளபளப்புல கால வச்சா பட்டாசல்ல வழுக்க ஆரம்பிச்சவன் அடுக்களையிலதான் எந்திரிப்பான். வாசல்ல இருந்து குளிக்கிற ரூம் வரைக்குமாவது கொத்துன கருங்கல்லு போட்டுரு. வாசல்படியோரம் கால் கழுவ ஒரு குழா வையி. காலு மண்ணு பூராவும் அங்கனயே நிக்கும். குளிக்கிற ரூம் தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் இருக்கான்னு கொத்தனார நிக்க வச்சு ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாரு. நான் ஊத்திப் பாத்தேன். தண்ணி குழிக்குப் போகல, நேரா கட்டிலுக்கு வந்துச்சு.

அந்தக் குளிக்கிற ரூமப் பத்திச் சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு. கட்டிலுக்கும் குளிக்கிற எடத்துக்கும் நடுவுல கண்ணாடிச் செவுரு! கதவும் கண்ணாடி! அந்தக் கதவுக்குத் தாப்பாளும் இல்ல, தள்ளுனா நவுருது. இது என்னலன்னு கேட்டா, "எடம் பெருசாத் தெரியும் மாமா"ங்க. எடம் மட்டுமால தெரியும்? மாமனாரும் மருமவளும் ஒரே வீட்டுல தங்குத சனம் நாம. கலியாணம் ஆன புதுசுல வாற சோடிக்கு வேணும்னா அது வெளையாட்டா இருக்கலாம், அவங்க கூட மறுநாள் காலையில யோசிப்பாவ. மத்தவங்க என்ன செய்வாவ தெரியுமா? நீ வாங்கி வச்ச வெள்ள விரிப்ப எடுத்து அந்தக் கண்ணாடியில கெட்டிருவாவ. வெந்நிப் பெட்டி என்னத்துக்கு அம்புட்டு சின்னதா இருக்கு? 3 லிட்டராம். பதினொரு பேரு குளிச்சு வெடவெடன்னு நிப்பாவ, கெழவிக்கும் கைப்புள்ளைக்கும் வெந்நி வேணும். 25 லிட்டர்ல ஒண்ணு மாட்டு. 15 லிட்டர்னா தீந்துட்டு மறுபடியும் சூடாகக் கால் மணி நேரம் எடுக்கும், அதுக்குள்ள ஒரு சண்ட வந்துரும்.

கட்டில் ஏம்ல தரையோட தரையாக் கெடக்கு? சப்பான்காரன் பாணியாம். சப்பான்காரனுக்கு முட்டு வலி கெடையாதா, என்னமோ. நம்ம பாட்டிமாரு அதுல உக்காந்துட்டு எந்திரிக்க ரெண்டு பேரு கை குடுக்கணும். ஒண்ணரை அடி ஒசரம் இருந்தா உக்காந்த காலு தரையில பதியும். அந்தக் கட்டிலுக்கு மேல ஏழு தலகாணி. எண்ணிப் பாத்தேன், ஏழு. படுக்கிறது ரெண்டு பேரு. ராத்திரி மிச்சம் அஞ்சும் எங்க போவும்? தரைக்கு. ஈரத் தரைக்கு. துண்ட அன்னப்பறவையா மடிச்சு நடுவுல உக்காத்தி வச்சிருக்கிய, வாறவன் அதக் கலைக்க மனசு வராம வேற துண்டு கேப்பான். தல மாட்டுல பிளக்கு கெடையாது. போனுக்குச் சார்ஜு போட செவுத்தோரம் போயி நிக்கணும். சிவப்பு லைட்டுல "குட் வைப்ஸ் ஒன்லி"ன்னு எழுதுறதுக்கு மட்டும் பிளக்கு கெடைச்சுருக்கு!

கூட வந்த அஞ்சு பேரு எங்க படுப்பாவன்னு கேளு. கோரம்பாயி. ஒரு டஜன் வாங்கிச் சுருட்டி மூலையில நிறுத்து. பத்தமட நமக்கு என்ன தூரமா? எலிசபெத் ராணி பட்டம் கட்டுன 1953ல அங்க இருந்து பட்டுப்பாயி சீமைக்குப் போச்சுன்னு இன்னும் பெருமையாச் சொல்லிக்கிடுவாவ. உனக்குப் பட்டுப்பாயி வேண்டாம், செவுத்துல மாட்டிருவ. சாதாக் கோரம்பாயி போதும். கார்த்திக பொறந்தா அதுதான் உனக்குச் சோறு போடும். சபரிமலைக்குப் போற சாமிமாரு குற்றாலத்துல குளிச்சுட்டுத்தான் கெளம்புவாவ. மாலை போட்டவன் மெத்தையில படுக்க மாட்டான்ல! உன் மூணு கட்டிலயும் செவுத்தோரம் தள்ளிட்டுத் தரையில பாயி விரிச்சுப் படுப்பான். அவனுக்கு வேண்டியது பாயி, ஒரு குத்துவெளக்கு வைக்க மூலை, கறி படாத தனிப் பாத்திரம், விடியுமுன்ன நாலு மணிக்கு வெந்நி. இதெல்லாம் வச்சுப் பாரு. குருசாமி ஒருத்தர் வந்துட்டுப் போனா வருசா வருசம் ஆளு கூட்டிட்டு வருவாரு. அந்த ஏழு தலகாணி ஒருத்தனையாவது மறுபடியும் கூட்டிட்டு வருமா?

மரச்சாமானுக்கு வருவோம். பீரோ, மேசை, எல்லாம் அட்டைய அழுத்திச் செஞ்ச பலகை. இப்பவே கால்மாட்டுல உப்பிக்கிட்டு நிக்கு. செவுத்துல காகிதம் ஒட்டிருக்க, இலையும் கிளியுமா. ஏல, சன்னலத் தொறந்தா நெசமாவே இலையும் கிளியும் இருக்கு, அது எதுக்கு? அடுத்த சாரலுக்குக் காகிதம் உரிஞ்சு வரும், உள்ள பூசணம் கருப்பாப் படரும். சுண்ணாம்பு அடி. ஈரத்த வாங்கி வெளிய விட்டுரும். வருசம் ஒரு தடவ அடிச்சா போதும். பீரோவுக்கு நல்ல மரம் வேணும்னா பிரானூருக்குப் போ. செங்கோட்ட வழிநெடுக மரமறுக்குற மில்லுதானே. வேங்கையோ தேக்கோ துண்டு பொறுக்கி எடுத்து நம்ம ஆசாரிகிட்டக் குடு. கதவுல காத்துப் போக ஓட்ட வைக்கச் சொல்லு, இல்லன்னா உள்ள வச்ச துணி நாறும்.

சிரிச்சு முடிச்சேன்னு நெனச்சேன், அப்பம் பாத்தா பட்டாசல் மூலையில ஒரு ஆட்டுரல். அதுக்குள்ள பிளாஸ்டிக்கு செம்பருத்தி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடையில வாங்குனதாம். உங்க அத்த கிரைண்டர் வந்த சந்தோசத்துல நம்ம ஆட்டுரலப் பொறவாசல்ல உருட்டி விட்டா. அதுமேல இன்னைக்கும் கோழி உக்காந்துருக்கு. கேட்டுருந்தா ஓசியிலயே தந்துருப்பேன். கோழிய மட்டும் எடுத்துக்கிடுவேன். செவுத்துல வண்டிச் சக்கரம், ஒத்தச் சக்கரம். மத்தது எங்கலன்னு கேட்டா முழிக்க. ராந்தல்ல கரண்டு பல்பு. கரண்டு போனா ராந்தலும் போயிருமே, அப்பம் என்னத்தக் கொளுத்துவ? சாரக் காத்துல மரம் சாஞ்சு கம்பி அறும், அன்னைக்கு இன்வர்ட்டரும் ஒரு டார்ச்சு லைட்டும் இல்லன்னா தெரியும் சங்கதி.

மாடியில தொறந்த வராண்டா. கம்பி இல்ல, "மறைக்கும்"னுட்டாவ. மேசையில ஒரு தட்டுல பழம். பக்கத்துல காஞ்ச புல்லு ஒரு சாடியில. பிரம்பு ஊஞ்சல். குற்றாலத்துக் குரங்குக்கு இதவிட மரியாத எவனும் செஞ்சதில்ல. உக்கார ஊஞ்சல், திங்கப் பழம், பிச்சு எறிய புல்லு. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரே குறவஞ்சியில இந்த மலையோட வளத்தப் பாட ஆரம்பிக்கையில குரங்குலதானே ஆரம்பிச்சாரு? ஊருக்கு மூத்த குடி அதுதான். பாட்டுலயே எடம் பிடிச்சது, உன் வராண்டாவ விடுமா? கம்பி வலை அடிச்சுரு. மல அதுக்குப் பொறத்தாலயும் தெரியும், எங்கயும் ஓடிப் போகாது.

அடுக்களையப் பத்திப் பேச ரொம்ப இல்ல. இண்டக்சன் அடுப்பு வச்சு, மேல வரிசையாப் பித்தளப் பாத்திரமும் ஈயமும் அடுக்கிருக்க. அந்த அடுப்புக்கு இரும்பு சேந்த அடி வேணும். பித்தள வச்சா பீப் பீப்புன்னு கத்தும், சூடாகாது. காஞ்ச தொண்டைக்குக் காப்பி போட ஒரு பில்டர் இல்ல, டம்ளர் இல்ல. கண்ணாடிக் கோப்பை மட்டும் பன்னெண்டு, ஒத்தக் கால்ல நிக்கு. வெட்டுத கத்தி ஒண்ணு, அருவாமண ஒண்ணு, இடுக்கி, பத்துப் பேருக்குச் சோறு வடிக்கிற பானை, இதெல்லாம் வாங்கி வையி. பிரானூர் பார்டர் கடப் பரோட்டா பார்சல் வாங்கிட்டு வருவாவ, அது ராத்திரிக்கு நிச்சயம். சால்னா ஊத்தித் திங்க ஆளுக்கொரு தட்டும், தொடைச்சா போற மேசையும் இல்லன்னா எங்க வச்சுத் திம்பாவ? வெள்ள விரிப்புல. மறுபடியும் அங்கனயேதான் வந்து நிக்கோம் பாரு.

இன்னொண்ணு. மதியம் ரெண்டு மணிக்குத்தான் சாவி குடுப்பியாம். பொதிக எக்ஸ்பிரஸ் காலையிலயே வந்து தென்காசியில எறக்கி விட்டுருதே, அம்புட்டு நேரமும் அந்தப் பயலுவ பெட்டியத் தூக்கிட்டுக் கோயிலச் சுத்துவானா? ரூமு தயாராக நேரம் ஆகும், சரிதான். முன்னால ஒரு நீளத் திண்ணை, பெட்டி வச்சுப் பூட்ட ஒரு எடம், வெளியில ஒரு கக்கூஸ். இவ்வளவு இருந்தா பெட்டிய வச்சுட்டு நேரா அருவிக்குப் போயிருவான். நீ ரெண்டு மணின்னு சொன்னாலும் மூணு மணிக்குத்தான் வருவான்.

வீட்டப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்னு சொன்னா நம்பர் பூட்டக் காட்டுத. நம்பர அடிச்சா தொறக்குமாம், நீ பெங்களூர்ல இருந்து போன்லயே பாத்துக்கிடுவியாம். மத்திய சர்க்கார் சுற்றுலா இலாகாவுல வீட்டோட தங்குற இந்தத் தொழிலுக்குன்னு ஒரு திட்டம் வச்சிருக்காவ. 6 அறை, 12 கட்டிலுக்கு மேல கூடாது. வீட்டுக்காரன் குடும்பத்தோட அதே வீட்டுல குடியிருக்கணும். திட்டம் போட்டவன் வெவரமானவன். நாலு மணிக்கு மோட்டாரு ஓடலன்னா நம்பர் பூட்டா வந்து பாக்கும்? ரசிகமணி டி.கே.சி. இந்தக் குற்றாலத்துல இருந்தாரு. ராஜாஜி வந்தாரு, கல்கி வந்தாரு. செவுத்து அருவிய நம்பி வரல, அந்த மனுசன நம்பி வந்தாவ, அவர் கம்பராமாயணம் சொல்லுதத கேக்க வந்தாவ. உன்னால கம்பராமாயணம் சொல்ல முடியாது, தெரியும். "வாங்க, சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்க வாசல்ல ஒரு ஆள வையி.

என் பேத்தி ஒரு கத சொன்னா. ஒலகம் பூரா வீட்டப் பிடிச்சுக் குடுக்கான்லா அந்த ஏர்பிஎன்பி, அத ஆரம்பிச்சது ரெண்டு பயலுவளாம். 2007ல, சான்பிரான்சிஸ்கோவுல. ரெண்டு பேரும் டிசைன் படிச்சவனுவ, கவனிச்சுக்க! வாடகை குடுக்கக் காசு இல்ல. ஊருல டிசைன்காரங்க மாநாடு, ஓட்டல் எல்லாம் நெறைஞ்சு போச்சு. காத்தடிச்ச மெத்த மூணத் தரையில விரிச்சுப் போட்டு, காலையில பலகாரமும் குடுத்து, காசு வாங்கிருக்கானுவ. டிசைன் படிச்சவனே அன்னைக்குப் படுக்க எடமும் பசிக்குச் சோறும்னு நின்னுட்டான். ஏழு தலகாணி அவனுக்கும் தோணல, அன்னப்பறவையும் தோணல.

முகத்தச் சுளிக்காத. இடிக்கச் சொல்லல. ஒண்ணு செய்யி. வாற சனிக்கிழம குடும்பத்தோட வந்து உன் வீட்டுலயே ஒரு ராத்திரி தங்கு. சும்மா இல்ல, வாறவன் குடுக்குற வாடகைய எண்ணி எடுத்து வச்சுட்டுத் தங்கு. காசு குடுத்தாத்தான் கண்ணு தொறக்கும். ஐந்தருவியில போயி நில்லு, சாரல்ல நனைஞ்சு ஈரத்துணியோட உள்ள வா, பொறவு உச்சியில எண்ணெ வையி. எங்க வழுக்குது, எங்க இடிக்குது, எதத் தேடித் தேடிக் கெடைக்கலன்னு ஒரு துண்டுக் காகிதத்துல குறிச்சு வையி. திங்கக்கிழம நான் ஆசாரியையும் கொத்தனாரையும் கூட்டிட்டு வாரேன், ஆணியும் நானே கொண்டு வாரேன்.

ஆங், கூடவே உன் மாமியாரையும் கூட்டிட்டு வா. அந்தக் கண்ணாடிக் கதவப் பாத்துட்டு அந்தம்மா என்ன சொன்னாவன்னு அன்னைக்கு ராத்திரியே எனக்கு ஒரு போன் போடு. முழிச்சுத்தான் இருப்பேன்.